பதினெட்டாண்டுத் தலைநகர்

தம்புள்ளை என்றவுடன் யாழ்ப்பாணத்தார் பலருடைய உள்ளத்தில் முதலிலே தோன்றுவது வெங்காயத்தின் விலையாகும். அங்குள்ள பொருளாதார மத்திய நிலையத்தில் விடியற்காலையில் என்ன விலை போயிற்று என்று கேட்டறிந்த பின்னரே நம் ஊர்த் தோட்டக்காரர் மூட்டை கட்டுவர். நம் கல்லூரியின் பழைய மாணவருள்ளும் அவ்வூருக்கு லொறியிற் சென்று மீண்டவர் பலர் உளர். அவர்களுள் எத்தனை பேர் ஊருக்கு மேலே எழுந்து நிற்கும் குகைமலையின் படிகளை ஏறியிருப்பர்? ஏறியவருள்ளும் எத்தனை பேர், அம்மலைமீது நின்று பார்க்குங்கால் தூரத்தே தனித்துத் தோன்றும் சிகிரிக் குன்றைக் கண்டு, அஃது ஒருகாலத்தில் இவ்விலங்கைக்குத் தலைநகராய் இருந்தது என்பதை நினைந்திருப்பர்?

மலர்க்குழுவினர் எம்மிடம் ஒரு கட்டுரை வேண்டியபோது இலக்கணத்திலே ஒன்று எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். பின்னர், சென்ற ஆவணி விடுமுறையில் மேல்வகுப்பு மாணாக்கர் சிலரைத் தம்புள்ளைக்கும் சிகிரியாவுக்கும் அழைத்துச் சென்ற அநுபவத்தைப் பாடமாக எழுதினால், விடுமுறையிற் பழைய நகர்களைக் காணச் செல்வார்க்குச் சிறிது பயன்படும் என்று தோன்றியது. இலக்கண விருப்பினர் எம்மைப் பொறுத்தருள்க.

எம் தலைமுறையினர் சிகிரியாவை வரலாற்றுப் பாடநூலிலேதான் கண்டனர். காசியப்பன் சிகிரியாவைத் தலைநகராகத் தெரிந்தமைக்குக் காரணங்கள் தருக என்று வினாத்தாளில் வரும். பாதுகாப்பு, இயற்கை அரண், நீர் வசதி என்று எழுதிப் புள்ளி பெற்றோம். வினாவிலே கேட்கப்பட்ட குன்றை நாம் கண்டதில்லை. காணலாமென்று எண்ணியதும் இல்லை. கண்டி வீதி போரினால் அடைபட்டிருந்தது. 2002ஆம் ஆண்டு அவ்வீதி திறக்கப்பட்ட பின்னர், ஆசிரிய கலாசாலைத் தோழர் சிலரோடு ஒருநாள் அங்கே சென்றோம். வண்டியால் இறங்கினோம், ஓடி ஏறினோம், உச்சியிலே நின்று படம் பிடித்தோம், ஓடி இறங்கினோம். ஏறத்தாழ 1,200 படிகள் என்பர், நாமும் எண்ணினோம், இடையிலே கணக்குத் தவறிற்று. படிகளை எண்ணினோமேயன்றி நகரைக் கண்டோமல்லோம். 2006இல் வீதி மீண்டும் மூடப்பட்டது. போர் ஓய்ந்த பின்னரே அம்மலையை மறுபடி கண்டோம். அந்த இடைக்காலத்தில் நாம் உணர்ந்தது ஒன்று: ஒரு தலைநகரைக் காணச் செல்வோன் முதலில் அரண்மனையைத் தேடுதல் கூடாது, அந்நகரின் நீர் எங்கேயென்று தேடுதல் வேண்டும்.

ஆகவே இம்முறை வண்டியை நேரே சிகிரியாவுக்கு விடாமல், கெக்கிராவையிலே கண்டி வீதியை விட்டு மேற்கே திருப்பிக் கலாவாவியின் அணைக்கட்டில் நிறுத்தினோம். ஆவணி மாதமாதலால் நீர் மிக இறங்கியிருந்தது. ஆயினும் கண்ணுக்கெட்டிய தூரம் நீரே. மாணாக்கர், "ஐயா, சிகிரியா எங்கே?" என்றனர். "சிகிரியாவின் கதை இங்கேதான் தொடங்குகின்றது, இருந்து கேளுங்கள்" என்றோம்.

இவ்வாவியைக் கட்டியவன் தாதுசேனன். ஐந்தாம் நூற்றாண்டில், அநுராதபுரத்திலே ஆண்ட தமிழரசர் அறுவரின் ஆட்சியை முடித்து அரசு பெற்றவன். இங்கிருந்து அநுராதபுரத்துத் திசாவாவிக்கு நீர் கொண்டுபோகும் ஜய கங்கை என்னும் கால்வாய் ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் முற்பகுதியிலே கிலோமீற்றருக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவே சரிவு உண்டென்று அளந்தோர் கூறுவர். எம் மாணாக்கருள் ஒருவன் தோட்டக்காரர் மகன். வாய்க்காலுக்கு மட்டம் பார்ப்பதன் அருமை அவனுக்குத் தெரியும். பத்துச் சென்ரிமீற்றர் என்றதும் அவன் தன் கைச்சாணை விரித்துப் பார்த்து, மற்றவர்க்குக் காட்டினான். நாம் சொல்லியதிலும் அந்தச் சாண் நன்கு விளக்கிற்று.

தாதுசேனனுக்கு மைந்தர் இருவர். மூத்தவன் காசியப்பன், குலத்தால் ஒவ்வாத தாய் வயிற்றிற் பிறந்தவன். இளையவன் முகலன், பட்டத்தரசியின் மகன். மகள் ஒருத்தியும் உண்டு. அவளைத் தன் மருமகனும் சேனாபதியுமாகிய மிகாரன் என்பவனுக்கு அரசன் மணஞ் செய்து கொடுத்தான். மிகாரன் குற்றமற்ற அவளைச் சவுக்கால் அடித்தான். மகளின் ஆடையிற் குருதி கண்ட தந்தை, சினத்தால் அறிவிழந்து, மிகாரனின் தாயை எரிப்பித்தான். அன்றிலிருந்து மிகாரன் காசியப்பனின் பக்கம் நின்று, தந்தைக்கும் மைந்தனுக்கும் இடையே பகை வளர்த்தான். காசியப்பன் அரசைக் கவர்ந்து, தந்தையைச் சிறையிட்டு, "பொருளை எங்கே வைத்தாய்?" என்று கேட்பித்தான். தாதுசேனன், கலாவாவிக்குத் தன்னை அழைத்துச் சென்றாற் காட்டுவதாகக் கூறினான். இங்கே வந்து நீராடினான். இரு கைகளாலும் நீரை அள்ளி, தன் செல்வம் முழுதும் இதுவே என்றான். பின்னர் மிகாரன் அவனைச் சங்கிலியிட்டுச் சுவரோடு வைத்துப் பூசிக் கொன்றான் என்று சூளவம்சம் கூறுகின்றது. அவ்வணையைக் கட்டுங்காலத்திற் சமாதியில் இருந்த துறவி ஒருவர் எழாமையால், அவர்மீது மண்ணைப் போடுவித்தவன் இவ்வரசனென்றும், அவ்வினையே இவ்வாறு வந்து மூண்டதென்றும் அந்நூல் காரணம் காட்டும். மண்ணிற்கு மண். நூலாசிரியர் கணக்கில் வல்லவர்.

மாணாக்கர் நீரருகே இறங்கிக் கைகளால் அள்ளிப் பார்த்தனர். நாம் சொல்லாமலே செய்தனர்.

அன்று பிற்பகல் தம்புள்ளை சேர்ந்தோம். ஊருக்கு அண்மையில் இப்பன்கட்டுவை என்னும் இடத்திலே, கற்பலகைகளாற் பெட்டிபோல அமைத்த பழங்கால ஈமக் குழிகள் அகழ்ந்து எடுக்கப்பட்டுள்ளன. கிறிஸ்துவுக்கு முற்பட்டவை; பௌத்தம் இலங்கைக்கு வருமுன் இங்கே வாழ்ந்தோருடையவை. தாழிகளும் சூதுபவள மணிகளும் கிடைத்தன. தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமங்களோடு இவற்றுக்கு நெருங்கிய ஒப்புமை உண்டு. பொழுது குறுகியமையால் அங்கே அதிகம் நிற்கவில்லை. ஆசிரியர்கள் இவ்விடத்தை விடாது காட்டுதல் நன்று என்பதை மட்டும் சொல்லி அப்பாற் செல்கின்றோம்.

குகைக்கோயில் ஊரிலிருந்து ஏறக்குறைய 160 மீற்றர் உயரத்தில் உள்ளது. காலணியைக் கீழே விட்டு, வெயிலிற் சுடும் பாறையில் நடந்து செல்லவேண்டும். குரங்குகள் கைப்பைகளைக் கவனித்திருக்கும். நாமும் அவற்றைக் கவனித்தல் வேண்டும். ஐந்து குகைகள். முதலாவதிலே பாறையோடு ஒன்றாக வெட்டிய, ஏறக்குறைய 14 மீற்றர் நீளமான சயனப் புத்தர். அக்குகைக்குத் தேவராஜ விகாரை என்று பெயர். தேவராஜன் என்றது திருமாலை. அவரே இவ்வுருவைச் செய்தாரென்பது ஐதிகம். இரண்டாங் குகையே பெரியது. அங்கே புத்தரின் உருவங்களோடு திருமாலும் சமன் தெய்வமும் நிற்பர். கூரைப் பாறையிலிருந்து இடைவிடாது சொட்டும் நீரை ஒரு பாத்திரத்திலே ஏந்துகின்றனர். வெளியே வரட்சி, உள்ளே சொட்டு நிற்பதில்லை.

கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா என்னும் அரசன் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்ப் படையினரிடம் அரசிழந்து, பதினான்கு ஆண்டுவரை மறைந்து திரிந்தபோது இக்குகைகளிலே ஒளித்திருந்தான் என்பதும், மீண்டும் அரசு பெற்றபின் நன்றிக்காக இவற்றைக் கோயிலாக்கினான் என்பதும் இவ்விடத்து மரபு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிசங்கமல்லன் உருவங்களுக்குப் பொன் பூசுவித்துக் கல்வெட்டும் பொறித்தான். இன்று நாம் காணும் ஓவியங்களிற் பெரும்பகுதி கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்துக் கண்டிப் பாணியைச் சேர்ந்தவை. மூன்றாங் குகையிலே அவனுடைய உருவமும் நிற்கின்றது.

இரண்டாங் குகையின் ஓவியங்களுள் துட்டகைமுனுவும் எல்லாளனும் யானைமீதிருந்து பொரும் காட்சியும் ஒன்று. அதன்முன் நின்றபோது, பின்னாலிருந்து ஒரு மாணாக்கன் மெல்லக் கேட்டான்: "ஐயா, இந்தப் படத்தில் நாங்கள் எந்தப் பக்கம்?"

இருபதாண்டுக்கு மேலாக வகுப்பறையிலே நின்று பழகிய எமக்கு விடை உடனே வரவில்லை. சுற்றிலும் வெள்ளுடை உடுத்து மலர் ஏந்தி வந்த அடியவர்கள் இருந்தனர். "வெளியே வா தம்பி, சொல்லுகிறேன்" என்று முன்றிலுக்கு அழைத்துச் சென்று நிழலில் இருத்தினோம். மற்றவரும் சூழ்ந்தனர்.

எல்லாளனைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் மகாவம்சம் சொல்லியதே என்று தொடங்கினோம். அவன் சோணாட்டிலிருந்து வந்து நாற்பத்துநான்கு ஆண்டு ஆண்டதையும், நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒத்த நீதி செய்ததையும், கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைக்கத் தன் மகனையே தேர்க்காலில் இட்டதையும் அந்நூலே எழுதி வைத்தது. மனுநீதிச் சோழன் கதையாகத் திருவாரூரிலே நாம் கேட்பதும் இதுவன்றோ? அவனை வென்றவன், வீழ்ந்த இடத்திலே அவனுக்கு ஈமக்கடன் செய்வித்து, நினைவுச்சின்னம் எடுத்து, அவ்வழியே செல்வோர் வாத்திய ஒலியை அடக்கிச் செல்லுமாறு விதித்தான். இதனையும் எழுதியது அந்நூலே. இன்னும் ஒன்று. இக்குகைகளைப் புதுக்குவித்து ஓவியந் தீட்டுவித்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் மதுரை நாயக்கர் உறவில் வந்தவன்; சைவ மரபிற் பிறந்தவன்; 1753இற் சீயத்திலிருந்து பிக்குகளை வருவித்துப் பௌத்த துறவு நெறியைப் புதுப்பித்தவனும் அவனே. தாதுசேனன் வென்ற தமிழரசருள்ளும் பாரிந்தன் முதலியோர் பௌத்தப் பள்ளிகளுக்குக் கொடை கொடுத்த கல்வெட்டுக்கள் உள. ஆகவே பக்கம் என்று நீ கேட்பது, அச்சுவரிலே இரண்டு யானைகளைப் போல எளிதிற் பிரிந்து நிற்பதன்று என்றோம்.

மாணாக்கன் தலையசைத்தான். மரியாதைக்காகவே அசைத்தான் என்பதை அறிந்தோம். அவனுடைய தந்தையாரின் பெயர் எமது வகுப்பு இடாப்பிலே காலமானோர் என்ற குறிப்போடு உள்ளது. அவர் எவ்வாறு, எந்த ஆண்டிற் காலமானார் என்பதும் எமக்குத் தெரியும். மேற்கொண்டு பேசாமல் எழுந்து படியிறங்கினோம்.

மறுநாள் விடியுமுன் புறப்பட்டு, இனாமலுவையிலே திரும்பிச் சிகிரியாவை அடைந்தோம். வழியிற் கண்ட பெயர்ப்பலகை ஒன்றிலே தமிழெழுத்துத் தவறாய் இருந்தமை கண்டு மாணாக்கர் பெருநகை செய்தனர். அவர்களுள் இருவர் சென்ற தவணையில் றகர ரகரப் பிழைக்காக எம்மிடம் நூறுமுறை எழுதியவர். அவர்களே உரக்கச் சிரித்தனர்.

சிகிரியா ஒரு குன்றன்று, நகரம். இதனை மேற்கு வாயிலிலே நின்றுதான் உணரலாம். சூழ்நிலத்திலிருந்து ஏறக்குறைய 200 மீற்றர் உயர்ந்த ஒற்றைப் பாறையைக் கண்டவுடன் கால்கள் ஓடத் துடிக்கும், ஓடலாகாது. அகழியையும் மதிலையும் முதலிற் காண்க. பின்னர் நீர்ப்பூங்கா. நடுவே நேராக ஒரு பாதை. அதன் இருபுறமும் ஒன்றுக்கொன்று நிகராகத் தடாகங்கள். இடப்புறத்து உள்ளது வலப்புறத்தும் உண்டு. சிறிது அப்பாற் சென்றால் பாறைப்பூங்கா. அங்கே மனிதர் வகுத்த ஒழுங்கு விடைபெற, உருண்ட பாறைகளின் போக்கிலே பாதை வளைந்து செல்லும். அதற்கு மேல் படிப்படியான திண்ணைப் பூங்கா. நீர்ப்பூங்காவிலே வட்டத் துளைகளையுடைய கற்பலகைகளைக் காட்டினோம். அவை நீர்த்தாரைகளின் வாய்கள். உயரத்திலிருந்து நிலத்தின்கீழ்க் குழாய்வழி வரும் நீர் தன் அழுத்தத்தாலே மேலெழும், இயந்திரம் எதுவுமில்லை. மாரிகாலத்திலே இன்றும் அவை நீர் சிந்தும். நாம் சென்றது வரட்சியிலாதலால் துளைகளையே கண்டோம். தந்தையைக் கொன்றவன் தந்தையின் நீர் வித்தையைக் கொல்லவில்லை என்று தோட்டக்காரர் மகன் சொன்னான். இதனை எழுதிக்கொண்டோம்.

காசியப்பன் கி.பி. 477இல் அரசேறினான். இந்தியாவுக்கு ஓடிய முகலன் படையோடு மீளுவான் என்ற அச்சம் அவனுக்கு உண்டு. அநுராதபுரத்தை விட்டு இங்கே அரசிருக்கை அமைத்ததற்கு அச்சமே காரணமென்று பாடநூல் கூறும். ஆனால் அஞ்சியவன் மதிலை மட்டுமே கட்டுவான். இத்துணைத் தடாகங்களையும் பூங்காக்களையும் அமைப்பானா? சூளவம்சம் அவனை அளகாபுரியில் வாழ்ந்த குபேரனுக்கு ஒப்பிடுகின்றது. அளகாபுரியையும் குபேரனையும் அறியாத தமிழ் மாணாக்கன் இல்லை. தொல்பொருள் ஆணையாளராயிருந்த செனரத் பரணவிதான, அவ்வொப்புமையை அப்படியே கொண்டு, காசியப்பன் குபேரனாகவே தன்னைக் காட்டக் கருதினான் என்றும், பாறையிலே தீட்டிய மகளிர் முகிலையும் மின்னலையும் குறித்தவர் என்றும் உரைத்தார். ஆனந்த குமாரசுவாமி அவர்களை வானர மகளிர் என்றார். 1894இல் இங்கே ஆய்வு தொடங்கிய பெல் என்பவரோ, விகாரைக்கு மலர்கொண்டு செல்லும் அரண்மனை மகளிர் என்றார். மூவர் கூற்றையும் மாணாக்கர்க்குச் சொல்லி, எது பொருந்தும் என்று கேட்டோம். பெரும்பான்மை வாக்குப் பெல்லுக்கே கிடைத்தது. முகில் என்றால் ஏன் இத்தனை நகை அணியவேண்டும் என்பது அவர்கள் வாதம்.

ஓவியங்கள் இருக்கும் இடத்துக்குச் சுழற்படி வழியே ஏறவேண்டும். அங்கே படம் பிடித்தல் தடை. 1967இல் யாரோ இரவிலே ஏறிப் பச்சை வர்ணத்தை இவற்றின்மீது வீசிப் பாழாக்கினர். இத்தாலிய நிபுணர் லூசியானோ மரன்சி வந்து மிகுந்த பாடுபட்டு மீட்டார். அதனைக் கேட்ட மாணாக்கர் முகம் சுளித்தனர்.

சுளித்த முகத்தோடு இறங்கி வந்த இடம் கண்ணாடிச் சுவர். செங்கல்லாற் கட்டிச் சுதை பூசி, முகம் தெரியுமாறு மெருகேற்றியது. இப்பொழுது தேனின் நிறம், முகம் தெரிவதில்லை. அருகே சென்று பார்த்தாற் சுவர் முழுதும் நுண்ணிய எழுத்துக்கள். எட்டாம் நூற்றாண்டு தொடக்கம் பத்தாம் நூற்றாண்டுவரை பெருமளவாக எழுதப்பெற்ற பழஞ் சிங்களச் செய்யுட்கள் அவை. பரணவிதான 685 செய்யுட்களை வாசித்து 1956இல் நூலாக வெளியிட்டார். எழுதியோர் அரசருமல்லர், அவைப்புலவருமல்லர். எம்மைப்போல விடுமுறையிற் காண வந்தவர். பிக்குகள், படைவீரர், பெண்டிர் எனப் பலர் தம் பெயரும் ஊரும் சொல்லி எழுதினர். ஓவிய மகளிரை விளித்து ஏங்கினோர் சிலர்; அவர்கள் வாய்திறவாமையைக் குறைகூறினோர் சிலர்; பார்த்துப் பொறாமை கொண்ட பெண்களும் உளர். சிங்கள இலக்கியத்தின் பழைய செய்யுட்களை இன்று காணவேண்டுமெனின் இச்சுவருக்கே வரவேண்டும். சங்கப் பாடல் ஏட்டிலே பிழைத்தது. இப்பாடல் சுதையிலே பிழைத்தது. தமிழாசிரியர் ஒருவர் இச்சுவரின் முன் சற்றே தலைவணங்குவதில் தவறில்லை. நாம் வணங்கினோம்.

"அப்படியானால் நாங்களும் எழுதலாமே ஐயா" என்றான் ஒருவன். நகையாகவே சொன்னான். ஆயினும் அவன் சட்டைப்பையிலே பேனா இருந்தது. முதல்நாள் தம்புள்ளை மலைப்படி அருகே ஒரு மரத்திலே அவன் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறியதை நாம் கண்டிருந்தோம். பயணத்துக்கு முன் இதுபற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதது எமது குற்றம். ஆகவே அங்கேயே சொன்னோம்: 2015ஆம் ஆண்டு, நம் மொழி பேசும் ஓர் இளம்பெண் தோழியரோடு இங்கே வந்து, இச்சுவரிலே தன் பெயரைக் கீறினாள். தொல்பொருட் சட்டத்தின்கீழ் அவளுக்கு ஈராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பின்னர் சனாதிபதியின் மன்னிப்பினால் விடுதலை பெற்றாள். வறிய வீட்டுப்பெண், அவள் செய்தது குற்றமென்பதை அறியாள் என்று அவளுக்காகப் பலர் பரிந்து பேசினர். அன்று செய்தித்தாளைப் படித்தபோது எமக்கு அவள்மீது எழுந்த சினத்திலும் ஆசிரியர்மீது எழுந்த நாணம் பெரிது. சுவரைப்பற்றி அவளுக்கு யாரேனும் ஒருநாள் வகுப்பிலே சொல்லியிருந்தால்? பேனாவை உடையவன் அதனைப் புத்தகப் பையினுள்ளே போட்டுக்கொண்டான்.

சிங்கத்தின் பாதங்களைக் கடந்து, குளவிக் கூடுகளுக்கு அஞ்சி ஓசையடக்கி, உச்சியை அடைந்தோம். முன்னர் முழுச் சிங்கமாய் இருந்ததன் முன்னங்கால்கள் இரண்டே எஞ்சின. உச்சியிலே அரண்மனையின் அத்திவாரங்களும் பாறையிற் குடைந்த பெருங்குளமும் உள்ளன. பதினெட்டாம் ஆண்டில், கி.பி. 495இல், முகலன் படையோடு வந்தான். காசியப்பன் மதிலுக்குள் இராமல் கீழிறங்கிச் சமவெளியிற் பொருதான். சேற்று நிலம் கண்டு அவன் யானை விலகித் திரும்ப, அரசன் பின்வாங்கினான் என்று மயங்கிப் படை சிதறியது. தனித்து நின்றவன் தன் வாளாலே தன் கழுத்தை அரிந்தான். முகலன் அரசிருக்கையை அநுராதபுரத்துக்கு மீட்டு, இம்மலையைத் துறவிகளுக்குக் கொடுத்தான். அரசு இங்கே இருந்தது பதினெட்டாண்டு. காண வருவோர் வரிசையோ இன்னும் முடியவில்லை.

அன்றிரவு தங்கிய இடத்திலே, சுவருக்குப் பதிலாக அப்பியாசக் கொப்பியிலே, கண்டதைப்பற்றி ஆளுக்கு ஒரு வெண்பா எழுதுமாறு பணித்தோம். பதினொருவர் எழுதினர். ஒன்பது பேர் ஓவிய மகளிரையே பாடினர். ஆயிரத்து இருநூறு ஆண்டு சென்றும் பார்ப்போர் மாறவில்லை. தோட்டக்காரர் மகன் ஜய கங்கையின் சரிவைப் பாடி, சென்ரிமீற்றர் என்ற சொல்லை நேரசை நிரையசையாகப் பிரிக்க வழி தெரியாது எம்மிடம் வந்தான். குகையிலே வினாவிய மாணாக்கன் மட்டும் கலாவாவியைப் பாடினான்: கையிலே நீரை அள்ளிக் காட்டிய தந்தையையும், வாங்கிப் பார்க்க அங்கே நில்லாத மகனையும். மூன்றாம் அடியிலே தளை தட்டியது. நாம் அதனைத் திருத்தவில்லை.